கமலாட்சி கட்டிய மூக்கு

கமலாட்சி கட்டிக்கொடுத்த பல் செட் ஒன்று திரும்பி வந்ததாக மாத்தளை டவுனில் ஒருவரும் சொல்ல முடியாது. பிரதான வீதியில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில், பல் டொக்டரின் அறைக்குப் பின்னால் ஒடுங்கிய அறை ஒன்று உண்டு. அதுதான் அவளுடைய ராஜ்யம். டொக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அவள் பிளாஸ்டரில் வார்ப்பாள், மெழுகில் ஈறு செய்வாள், பல் பதிப்பாள், அராவுவாள். பத்தொன்பது வருடமாக இதே வேலை. "என் பிளேட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல ஒரு நூல் போகாது" என்று அவள் சொல்வது தற்பெருமைதான். ஆனால் அதில் பொய் இல்லை. அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மனிதர் அவள் புருஷன் செல்லச்சாமி.

செல்லச்சாமி தேயிலை ஃபெக்டரியில் மெஷின் பழுதுபார்க்கிற பிட்டர். எழுபத்தைந்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்கார துரை ஒருவர் ஒரு தகரப் பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள் விளையாட்டு விமானத்துக்கான என்ஜின் ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில், ஒற்றைச் சிலிண்டரோடு இருந்தது. கூடவே படம் போட்ட புத்தகம் ஒன்று. அன்று பிடித்த பைத்தியம் இருபத்தெட்டு வருடமாகியும் தெளியவில்லை. முதல் விமானத்தை அவர் கட்டி முடித்தது எண்பத்து மூன்றில். அந்த ஜூலைக் கலவரத்தில் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். பறக்காமலே அது எரிந்துபோனது. கமலாட்சி தூக்கிக்கொண்டு ஓடிய அரிசி வாளிக்குள் கிடந்ததால் என்ஜின் மட்டும் பிழைத்தது. அதற்குப் பிறகு வந்த வருடங்களைச் சொல்லவே வேண்டாம். தமிழன் ஒருவன் வானத்தில் எதையாவது ஏற்றினால் யார் சும்மா விடுவார்கள்? என்ஜினுக்கு மாதம் ஒரு தடவை எண்ணெய் போட்டுத் துடைத்து, திரும்பப் பெட்டியில் வைப்பார். அவ்வளவுதான்.

சண்டை நின்று, யாழ்ப்பாண ரோடு திறந்து, பலாபத்வலயைத் தாண்டி வடக்கே பஸ்கள் ஓடத் தொடங்கியதும் மனுசனுக்கு உயிர் வந்துவிட்டது. நாலடிச் சிறகோடு புது விமானம் ஒன்றைக் கட்டினார். அனுமதிக்கு எழுதினார். நாலு அரசாங்கக் கந்தோர், ஏழு மாதம். யாரைப் பார்த்தாலும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "இது கம்பியில கட்டின விமானம் சேர். எங்கயும் ஓடிராது." அது உண்மை. நடுவில் நிற்பவர் கையில் ஒரு பிடி. அதிலிருந்து சிறகுக்கு இரண்டு மெல்லிய கம்பி, ஐம்பது அடி நீளம். விமானம் அவரைச் சுற்றி வட்டமடிக்கும், அவரும் கூடவே சுழலுவார். கடைசியில் கடிதம் வந்தது. இரண்டாயிரத்து மூன்று மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல்லேபொல விளையாட்டுத் திடலில், மாலை நாலு மணி முதல் ஐந்து மணி வரை. பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கூட இருக்க வேண்டும். ஐந்து மணிக்கு மேல் வானத்தில் எதுவும் இருக்கக்கூடாது. இருபத்தெட்டு வருடத்துக்கு ஒரு மணித்தியாலம்!

விமானத்தில் பாக்கி இருந்தது மூக்கு ஒன்றுதான். முன்னால் என்ஜினை மூடுகிற பைபர் கூட்டுக்குப் புத்தகத்தில் ஏதோ ஆங்கிலப் பெயர் போட்டிருந்தது. வீட்டில் அது மூக்குதான். வெறும் அழகுக்கு வைக்கிற மூக்கும் இல்லை. விமானத்தின் வால் கனம் என்பதால், சமப்படுத்துவதற்கான ஈயக்கட்டியை அந்தக் கூட்டுக்குள்ளேதான் ஒட்ட வேண்டும். மூக்கு இல்லாவிட்டால் பறப்பு இல்லை. பழைய பஸ்களுக்கு பைபர் ஒட்டும் ரவூப் நானா தன் டிங்கரிங் கராஜிலிருந்து பைபர் துணியும் பசையும் கொடுத்து, இரண்டு கூடு வார்க்க உதவியும் செய்தார். ஒன்றை செல்லச்சாமி வெட்டினார். என்ஜின் உள்ளே இருக்கிறது, கூட்டைப் போட்டால் என்ஜின் கண்ணுக்குத் தெரியாது, பிறகு எந்த இடத்தில் ஓட்டை போடுவது? அவர் கண்மதிப்பில் போட்டார். ஓட்டை ஒரு பக்கம், சிலிண்டர் ஒரு பக்கம். அதைச் சரிசெய்யப் போய்க் கூடு இரண்டாகப் பிளந்தது. பறப்புக்கு ஒன்பது நாள் இருந்தது.

"தள்ளுங்க அங்கிட்டு" என்றாள் கமலாட்சி. "ரம்பத்த வச்சிக்கிட்டு விறகா பொளக்குறீங்க? இது வாயிங்க, வாய்."

"இது என்ஜின் கமலா."

"எனக்கு எல்லாம் வாய்தான். கண்ணுக்குத் தெரியாத எடத்துல அளவா வெட்டுறது யாரு வேல? ஒங்க வேலயா, என் வேலயா?"

இரண்டாவது கூட்டை அவள் எடுத்துக்கொண்டாள். பல் கடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நீல மைத்தாள் ஒன்றை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே நீலம் ஒட்டும். ஒட்டிய இடத்தை மட்டும் அராவ வேண்டும். அந்தத் தாளைத்தான் கமலாட்சி சிலிண்டர் தலைமேல் போர்த்தினாள். கூட்டை மெதுவாகத் தள்ளினாள், இழுத்தாள், உள்ளே பார்த்தாள். நீலப்புள்ளி ஒன்று. அந்த இடத்தில் குண்டூசி அளவு துளை போட்டு அராவினாள். திரும்ப மைத்தாள், திரும்பப் புள்ளி, திரும்ப அரம். பைபர் தூள் மேலே பட்டால் கடித்தெடுக்கும் என்று மூக்கில் ஈரத்துணி கட்டி, முழங்கைவரை தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு நாலு சாயங்காலம் உட்கார்ந்தாள். செல்லச்சாமி பிளேன்டீ போட்டுக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் இருந்தார். அவருக்கு அது பெரிய வேலை.

நாலாம் நாள் கூடு "டிக்" என்று போய் உட்கார்ந்தது. மேலே சிலிண்டர் தலை எட்டிப்பார்க்க ஒரு துளை, புகைக்கு ஒன்று, எண்ணெயைக் கூட்டிக் குறைக்கிற ஊசியைத் திருக ஒன்று, முன்னால் காற்று புக ஒரு வாய். எல்லாம் பிசகில்லாமல் பொருந்தின. பின்விளிம்பு விமானத்தின் உடம்போடு அப்படியே ஒட்டிக்கொண்டது. கமலாட்சி தையல்பெட்டியிலிருந்து ஒரு நூலை எடுத்து, சுற்றிச் சுற்றி எல்லா இடத்திலும் நுழைத்துப் பார்த்தாள். எங்கும் போகவில்லை.

"பாத்துக்கிருங்க!" என்றாள். செல்லச்சாமி மூக்கைத் தடவித் தடவிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

என்ஜினை அதற்குள் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஆனால் ஐந்து வினாடிதான். அந்தச் சத்தத்துக்கு அக்கம்பக்கம் கூடிவிடும், யாராவது பொலிசுக்குப் போன் போட்டுவிடுவார்கள் என்று பயம். அத்தனை வருடப் பயம் ஒரு கடிதத்தில் போய்விடுமா என்ன?

ஞாயிற்றுக்கிழமை ரவூப் நானாவின் வேனில், மடியில் விமானத்தைப் படுக்கவைத்துக்கொண்டு மூவரும் பல்லேபொலவுக்குப் போனார்கள். திடலைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. கடலை விற்கிறவன்கூட வந்துவிட்டான். பொலிஸ் சார்ஜன் ஒருவர் கடிதத்தின் நகலோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெரிய மீசை, ஒட்டிய கன்னம், கொஞ்சமும் சிரிக்காத முகம்.

"நாலு மணி" என்றார், கடிகாரத்தைப் பார்த்தபடி. "ஆரம்பியுங்க. அஞ்சுக்கு முடிக்கணும்."

ஸ்பிரிட்டும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருளை ஊற்றி, டோர்ச் பெட்டரியால் பிளக்கைச் சூடாக்கி, செல்லச்சாமி முன்னாலிருக்கிற விசிறியைத் தட்டினார். நாலாவது தட்டில் என்ஜின் அலறியது. சனம் ஓவென்று கத்தியது. ரவூப் நானா வாலைப் பிடித்துக்கொள்ள, செல்லச்சாமி நடுத்திடலில் இருந்த பிடியை எடுக்க ஓடினார். பாதிதூரம் போகவில்லை, சத்தம் தளர்ந்தது, இழுத்தது, நின்றது.

திரும்பத் தட்டினார். முப்பது வினாடி ஓடி நின்றது. எரிபொருளை மாற்றினார், பிளக்கை மாற்றினார், ஊசியை இப்படியும் அப்படியும் திருகினார். ஒவ்வொரு தடவையும் கதை அதுதான். நன்றாகப் பிடிக்கும், அரை நிமிடத்தில் மூச்சுப் போய்விடும். ஐந்தாவது தடவை கூட்டில் கை வைத்தவர் சுட்டதுபோலக் கையை உதறினார். உண்மையிலேயே சுட்டிருந்தது. மணி நாலு இருபத்தெட்டு.

சனத்தில் சிரிப்புக் கிளம்பியது. யாரோ சிங்களத்தில், "கம்பியைக் கழுத்தில் கட்டி இழுத்துக்கிட்டு ஓடு, பறக்கும்" என்றான்.

"மூக்கக் கழட்டிருங்க" என்றாள் கமலாட்சி. வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதற்குள் அவளுக்கு உயிரே போய்விட்டது. "அது இல்லாம விட்டுப் பாருங்க."

செல்லச்சாமி நாலு திருகாணியைக் கழற்றி மூக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு விமானத்தை இரண்டு சிறகுக்கும் கீழே ஒவ்வொரு விரல் கொடுத்துத் தூக்கிக் காட்டினார். வால் தொப்பென்று தொங்கியது. "இப்பிடியே விட்டா மேல போயி மல்லாந்து விழும். நொறுங்கிப் போயிரும்" என்றார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்க முயன்றார். "போதும் கமலா. சத்தம் கேட்டாச்சுல்ல. இவ்வளவு வருசத்துக்கு அந்தச் சத்தமே பெருசு."

அவர் ஏசியிருந்தால் பரவாயில்லை. மூக்கை வெட்டினவள் நீதானே என்று கேட்டிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள், மனசு ஆறியிருக்கும். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மூக்கைக் கையில் வைத்துக்கொண்டு, போகுமிடம் தெரியாமல் சார்ஜனின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

சார்ஜனுக்கு யாரோ பிளேன்டீயும் வடையும் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பி, வாயிலிருந்து மேல் பல் செட்டைக் கழற்றிக் கைலேஞ்சியில் வைத்தார். கமலாட்சியின் கண் தன்னாலேயே அதன்மேல் போனது. எந்தக் கவலையிலும் அந்தக் கண் வேலையை விடாது.

"நோனாதானே டவுன்ல பல்லு கட்டுறது?" என்று சிங்களத்தில் கேட்டார் சார்ஜன். பல்லில்லாமல் முகம் பாவமாக இருந்தது. "இது வேற எங்கயோ கட்டினது. போட்டா கால்மணித்தியாலம்தான். ஓங்காளிக்குது, மூச்சு முட்டுது. கழட்டிப் பொக்கட்டுல வச்சிக்கிட்டுத் திரியிறேன்."

கமலாட்சி அதை லேஞ்சியோடு வாங்கித் திருப்பிப் பார்த்தாள். எரிச்சலோடு, அவளும் சிங்களத்திலேயே சொன்னாள்: "இறுக்கத்துல ஒரு கொறையும் இல்ல மாத்தயா. நல்லாத்தான் பொருந்தும். ஆனா பின்னால நீளமா விட்டுட்டாங்க. தொண்டைய அடைக்குது. பின்விளிம்ப வெட்டிவிட்டா மூச்சு…"

அங்கேயே நிறுத்திவிட்டாள்.

பல் செட்டை சார்ஜனின் கையில் திணித்துவிட்டுக் கூட்டைத் திருப்பி உள்ளே பார்த்தாள். சிலிண்டர் தலை எட்டிப்பார்க்கும் துளையின் விளிம்பு முழுக்கக் காந்திப் பழுப்பாகி இருந்தது. பொருந்தாத பிளேட்டு ஈறில் போடுகிற புண் மாதிரி, அச்சு அசல். என்ஜின் சூட்டைத் தணிக்க முன்வாயால் காற்று உள்ளே வருகிறது. போவது எப்படி? மேலே அடைப்பு, பக்கத்தில் அடைப்பு, பின்னால் ஒரு நூல் நுழைய வழியில்லை. அவள் கைதான் அடைத்தது. வாயில் இடைவெளி வந்தால் கெடுதல், சோற்றுப்பருக்கை போகும், பிளேட்டு ஆடும். அதற்காகவே பத்தொன்பது வருடம் இடைவெளியை அடைத்தவள், மூச்சு விடவேண்டிய ஒரு சாமானையும் அதே கையால் அடைத்து வைத்திருக்கிறாள். நூல் விட்டுப் பார்த்துப் பெருமைவேறு பட்டாள்! தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அதற்கு நேரமில்லை.

"என்னங்க! அரம் கெடக்குற பைய எடுங்க! ரவூப் நானா, அந்த ரம்ப பிளேடு!"

"என்னா தங்கச்சி செய்யப் போறீங்க?"

"ஓட்ட போடப் போறேன்."

செல்லச்சாமி பதறிவிட்டார். "கமலா, இன்னொரு கூடு இல்ல."

"தெரியும். புடிங்க இத, ஆடாம புடிங்க."

மைத்தாள் இல்லை, நூல் இல்லை, குண்டூசித் துளையும் இல்லை. மேல் துளையைச் சுற்றி ஒரு விரல் நுழையும் அளவுக்கு அராவித் தள்ளினாள். கூட்டைக் கவிழ்த்து, அடிப்புறத்தின் பின்விளிம்பில் துணி சுற்றிய ரம்ப பிளேடை வைத்தாள். நாலு நாள் எடுத்து அவள் ஒட்டவைத்த அதே விளிம்பு. ஒரு கணம் கை தயங்கியது. அப்புறம் இழுத்தாள். வெள்ளைத் தூள் பறந்தது. மூக்கில் கட்டத் துணி இல்லாமல் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள். முன்வாயைப்போல் இரண்டு மடங்கு அகலத்துக்குப் பின்னால் ஒரு வாய் திறந்தது. ஈயக்கட்டி இருந்த இடத்தில் அவள் கை வைக்கவில்லை. பைபர் தூள் பட்டுக் கை இரண்டும் எரிந்தன.

"மணி நாலு அம்பது" என்றார் சார்ஜன். அவர் எப்போது நாற்காலியை விட்டு எழுந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. கழுத்தை நீட்டிக் கூட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருகாணி நாலும் ஏறின. செல்லச்சாமி இரண்டு விரலில் தூக்கிப் பார்த்தார். விமானம் நேராக நின்றது. தட்டினார், பிடிக்கவில்லை. தட்டினார், ஒரு தும்மல். மூன்றாவது தட்டில் அலறியது. இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. எல்லோரும் எண்ணினார்கள், முதலில் கமலாட்சி மனசுக்குள், அப்புறம் ரவூப் நானா வாய்விட்டு, அப்புறம் திடலே சிங்களத்திலும் தமிழிலுமாக. முப்பது. நாற்பது. அறுபது. சத்தம் தளரவில்லை. கூட்டின் அடியிலிருந்து கொதிக்கிற காற்று புல்லைத் தள்ளிக்கொண்டு போவதை அவள் கண்ணால் பார்த்தாள்.

"ஓடுங்க!" என்று கத்தினாள். "நிக்காது, ஓடுங்க!"

செல்லச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஐம்பது வயது மனுசன் ஓடிய ஓட்டத்தை அன்று பல்லேபொல பார்த்தது. பிடியை எடுத்தார், கையை உயர்த்தினார். ரவூப் நானா "பிஸ்மில்லாஹ்" என்று வாலை விட்டார்.

விமானம் புல்லில் இருபதடி ஓடியது. ஒரு துள்ளல், இன்னொரு துள்ளல், பிறகு தரையைத் தொடவே இல்லை. கம்பி விறைத்தது. தோள் உயரம், தலை உயரம், கூரை உயரம். மஞ்சள் சிறகு வெயிலில் மினுங்க அது திடலைச் சுற்றி வந்தபோது, வட்டத்தின் ஓரத்தில் நின்ற சனம் அலை அலையாகக் கைதூக்கியது. நடுவில் செல்லச்சாமி சுழன்றுகொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கேட்டால் இரண்டும்தான். கமலாட்சியும் அழுதாள். தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாளே தவிர, அதை அவளே நம்பவில்லை.

சார்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்து.

கையைக் காட்டினார். செல்லச்சாமி பார்க்கவில்லை. விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினார். மேல் பல் இல்லாத வாயில் விசில் நிற்குமா? வெறும் காற்று வந்தது. கமலாட்சியின் பக்கம் திரும்பினார். "நோனா! இறக்கச் சொல்லுங்க! அஞ்சாச்சு!"

"எறக்க ஏலாது மாத்தயா" என்றாள் கமலாட்சி. "எண்ண தீர்ற வரைக்கும் அது நிக்காது."

"நிக்காதா? இவ்வளவு நேரமும் நின்னு நின்னு போச்சே!"

"அப்ப அதுக்கு மூச்சு விட வழியில்ல. இப்ப இருக்கு."

சார்ஜன் அவளைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார், கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். விமானம் அவர் தலைக்கு நேரே இரைந்துகொண்டு போனது. தொப்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தவர், நிமிர்ந்தபோது பொக்கை வாயோடு சிரித்துக்கொண்டிருந்தார். அரசாங்கத்தின் சட்டத்தை மீறி அது இன்னும் நாலு நிமிடம் பறந்தது. பிறகு எண்ணெய் தீர்ந்து, சத்தமில்லாமல் சரிந்து வந்து, புல்லில் உட்கார்ந்தது. ஒரு கீறல் இல்லை.

செல்லச்சாமிக்குத் தலை சுற்றி நிற்க முடியவில்லை. திடல் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். ஓடிப்போன கமலாட்சியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். முழங்கைவரை சிவந்து தடித்திருந்தது. அந்தக் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஊர் பார்க்கிறதே என்று அவர் நினைக்கவில்லை. அவளும் கையை இழுக்கவில்லை.

அடுத்த வருடம் திரும்ப எழுதியபோது அனுமதி கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருடங்களில் சண்டை திரும்பி வந்து, கேட்கிற காலமே போய்விட்டது. ஆனால் பறந்தது பறந்ததுதான். அதை எந்தக் கந்தோரும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

அன்று கூட்டம் கலைந்த பிறகு, கமலாட்சி வேனின் படியில் உட்கார்ந்து சார்ஜனின் பல் செட்டின் பின்விளிம்பை அதே அரத்தால் அராவிக்கொடுத்தாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு விழுங்கிப் பார்த்தார், இருமிப் பார்த்தார், மிச்சமிருந்த வடையைக் கடித்துத் தின்றார். பிறகு குறிப்புப் புத்தகத்தை விரித்து, விமானம் இறங்கிய நேரம் என்ற இடத்தில் நாலு ஐம்பத்தொன்பது என்று எழுதினார்.

"நல்லாப் பொருந்துதா மாத்தயா?" என்று கேட்டாள்.

"பொருந்துறது இருக்கட்டும் நோனா" என்றார் சார்ஜன், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டு. "சுகமா இருக்கு."